சாப்ட்டியான்னு கேட்ட நீல விளக்கு

என் பாப்பா யமுனாவுக்கு,

நீ போய் வருஷம் திரும்பிவிட்டது. பென்னலூர் பஸ் ஸ்டாப்பில் ஒரு பேனர் கட்டவேண்டும் என்று உன் மாமா ஒற்றைக்காலில் நிற்கிறார். நடுவில் உன் போட்டோ, இரண்டு பக்கமும் மெழுகுவத்தி, மேலே மேகம், மேகத்துக்குள் ஒரு புறா. வாசகமும் தயாராக வைத்திருக்கிறார். மலர் உதிர்ந்ததாம், நிலவு மறைந்ததாம். டிசைனை செல்போனில் காட்டினார். புறாவுக்கு ஒரு கால்தான் இருந்தது. நீ இருந்திருந்தால் அதைத்தான் முதலில் பார்த்திருப்பாய், அந்த இடத்திலேயே சிரித்துக் காரியத்தைக் கெடுத்திருப்பாய்.

பேனர் வேண்டாம் மச்சான், நான் பாப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதுகிறேன் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பார்க்கமாட்டாரா? பத்தாவதும் ஐ.டி.ஐ.யும் படித்த ஆள் நான். லீவ் லெட்டர் எழுதவே பக்கத்து ஆளிடம் பேனாவையும் பேப்பரையும் சேர்த்துக் கொடுக்கிறவன். இருந்தாலும் உன்னிடம் பேச எனக்கு எதற்கு இலக்கணம்? மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும்.

முதலில் வீட்டுச் சேதி. உன் ஸ்கூட்டியை அம்மா ஓட்டுகிறாள். ஆமாம், உன் அம்மாவேதான். கற்றுக்கொள்ளும்போது இரண்டு தடவை விழுந்தாள். இரண்டு தடவையும் பின்னால் உட்கார்ந்திருந்தது நான். இப்போது செவ்வாய்க்கிழமையானால் வல்லக்கோட்டைக் கோயிலுக்கு அவளே ஓட்டிக்கொண்டு போகிறாள். கன்டெய்னர் லாரி பக்கத்தில் வந்தால் நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். அவள் மூடுவதில்லை. அதுவரைக்கும் முருகன் புண்ணியம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வருஷமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த விஷயம். நீ விட்டுவிட்டுப் போன அந்த நீல விளக்கு.

அது எப்படி ஆரம்பித்தது என்று உனக்குத் தெரியும். ஆனாலும் எனக்கு முதலிலிருந்து சொன்னால்தான் வரும். நீ தண்டலத்தில் காலேஜ் முடித்து, கிண்டியில் அந்தக் கம்பெனியில் சேர்ந்தாய். என்ன வேலை என்று கேட்டேன். "சர்வர் பார்த்துக்கற வேலைப்பா" என்றாய். எனக்குத் தெரிந்த சர்வர் தோளில் துண்டு போட்டுக்கொண்டு வருவார், இன்னா சாப்பிடறீங்கன்னு கேட்பார், சட்னி கேட்டால் சாம்பார் ஊற்றுவார். அதை உன்னிடமே சொல்லி, இஞ்சினீயரிங் படிக்கவைத்த பெண்ணை ஓட்டலுக்கா அனுப்பினோம் என்று நான் முழித்த முழியைப் பார்த்து, நீயும் அம்மாவும் சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டது.

அப்புறம் பார்த்தால், நான் ஒயர் பிடிக்கிற ஒரகடம் ஃபேக்டரியிலேயே உங்கள் கம்பெனிக்கு கான்ட்ராக்ட் கிடைத்தது. கார் சீட்டுக்கு ஃப்ரேம் அடிக்கிற இடத்தில், நடுவில் கண்ணாடிக் கதவு போட்டு ஒரு குளிர் அறை. அதற்குள் அலமாரி அலமாரியாக உன் சர்வர்கள். அறையின் ஏ.சி.யும் யு.பி.எஸ்.ஸும் என் பொறுப்பு. உள்ளே இருக்கிற மிஷின்கள் உன் பொறுப்பு. நீ கிண்டியில் உட்கார்ந்துகொண்டே அவற்றை எழுப்புவாய், தூங்கவைப்பாய். அங்கிருந்து எப்படி என்று கேட்டதற்கு நீ சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"ஒவ்வொரு சர்வர் உள்ளயும் ஒரு சின்ன அட்டை கீதுப்பா. அதுக்குத் தனி ஒயர், தனி அட்ரஸ். பெரிய மிஷின் செத்துக் கெடந்தாக்கூட, பிளக் சொருகிகீற வரைக்கும் அது மட்டும் முழிச்சுகினே இருக்கும். நான் அதும்கூடத்தான் பேசுவேன்."

"வாட்ச்மேன் மாதிரி."

"வாட்ச்மேன் மாதிரிதான். ஆனா உங்க கேட்டுல ஒருத்தர் கீறாரே, அவர மாதிரி இல்ல. இது தூங்காது."

அங்கிருந்தே எல்லாம் செய்வாய் என்றாலும், ஒயரைப் பிடுங்கிச் சொருகக் கை வேண்டுமே. அந்தக் கை என் கை. முதல் தடவை என்ன ஆனது? அறையில் இருக்கிற லேண்ட்லைனில் கூப்பிட்டு, இடது பக்கம் மூன்றாவது மிஷின் என்றாய். நான் அலமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். உன் இடது அங்கே, என் இடது இங்கே. பிடுங்கினேன் பார், வெல்டிங் லைன் மொத்தமும் நின்றது. அன்றைக்கு எல்லோருக்கும் கூடுதலாக ஒரு டீ கிடைத்தது. லைனில் இருந்தவர்கள் என்னை வாழ்த்தினார்கள். எங்கள் சூப்பர்வைசர் ஞானசேகர் மட்டும் வாழ்த்தவில்லை.

அதற்குப் பிறகுதான் நீ நீல விளக்குக்கு வந்தாய். ஒவ்வொரு மிஷினுக்கும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, விரல் நகம் அளவு விளக்கு. இந்த மிஷின்தான் என்று காட்டுவதற்காகவே வைத்தது. பச்சைப் பச்சையாகக் கண்ணடித்துக்கொண்டிருக்கிற அத்தனை மிஷினுக்கும் நடுவில், கிண்டியில் நீ ஒரு பொத்தானைத் தட்டினால், இங்கே ஒன்றே ஒன்று மட்டும் நீலமாக எரியும். வேலை முடிந்ததும் நான் விளக்குக்குப் பக்கத்தில் இருக்கிற பட்டனை அமுக்கவேண்டும். விளக்கு அணையும். அணைந்தது உன் திரையில் தெரியும். சரி என்று அர்த்தம். இடது வலது தகராறு அன்றோடு ஒழிந்தது.

அதை நீ சாப்பாட்டுக்குத் திருப்பியதுதான் கதை. எனக்கு சர்க்கரை. ஃபேக்டரிக்குள் செல்போன் கிடையாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மத்தியானம் ஒரு பியூஸ் போனால் நான் சாப்பாட்டை மறந்துவிடுவேன். ஒருநாள் சர்க்கரை இறங்கி, கம்ப்ரஸர் பக்கத்தில் மயங்கி விழுந்து, ஞானசேகர் என் வாயில் கேன்டீன் சர்க்கரையைக் கொட்டினார். அந்த வாரமே உன் ஏற்பாடு வந்துவிட்டது.

கடைசி அலமாரியில் அடித்தட்டில் ஒரு பழைய சர்வர். புதுசு வந்ததும் அதை அணைத்துவிட்டார்கள். ஸ்கிராப்புக்குப் போகவேண்டியது. பிளக்கை மட்டும் யாரும் பிடுங்கவில்லை. அதற்குள் இருக்கிற அந்தச் சின்ன அட்டை மட்டும், வேலையில்லாமல் முழித்துக்கொண்டிருந்தது. மத்தியானம் நான் ஏ.சி. ரீடிங் எடுக்கப் போகும்போது அதன் நீல விளக்கு எரிந்தது. அடுத்த நிமிஷம் லேண்ட்லைன் அடித்தது.

"சர்வர்னா இன்னா சாப்பிடறீங்கன்னு கேக்கணும்னு சொன்ன இல்ல? இந்தா, இது சாப்ட்டியான்னு கேக்குது பாரு. போய் சாப்ட்டுட்டு வந்து பட்டனை அமுக்கு."

அன்றிலிருந்து தினமும் அதுதான். கடிகாரம் பார்க்கவேண்டியதில்லை. நீலம் எரிந்தால் நீ கேட்கிறாய். அணைத்தால் நான் பதில் சொல்லிவிட்டேன். சில நாள் சாப்பிடாமலே அமுக்கிப் பார்த்தேன். சாயந்திரம் வீட்டில் மாட்டிக்கொள்வேன். "எரிஞ்சதும் அணைச்சிட்ட. ஒண்ணு நீ சாப்புடல, இல்ல சோத்த மெல்லாம முழுங்கிகீற. எது?" என்பாய். போலீஸுக்குப் போயிருக்கவேண்டிய பெண் நீ.

இப்போது கஷ்டமான இடத்துக்கு வருகிறேன் பாப்பா.

மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாய். ரத்தத்தில் கோளாறு என்றார்கள். ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் அம்மா இருந்தாள். நான் லீவ் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். இரண்டாம் நாளே என்னைத் துரத்திவிட்டாய். நீ இங்க ஒக்காந்தா உன்னையும் சேர்த்து நான்தான் பார்த்துக்கணும், ஷிஃப்டுக்குப் போ என்றாய். போனேன். வேலை முடிந்ததும் சாயந்திரம் பஸ் பிடித்து உன்னிடம் வருவேன்.

மத்தியானம் ஆனால் அந்த விளக்கு எரியும். ஒருநாள் தவறவில்லை. நான் அதைப் பார்த்துத்தான் அந்த நாள்களை ஓட்டினேன். விளக்கு எரிகிறது, அப்படியென்றால் பாப்பா எழுந்து உட்கார்ந்திருக்கிறது, லேப்டாப்பைத் திறந்திருக்கிறது, நல்லாத்தான் கீது. டாக்டர் என்ன சொன்னாலும் நான் விளக்கைத்தான் நம்பினேன். சாயந்திரம் வந்து பார்க்கும்போது உன் முகம் வேறு ஏதோ சொல்லும். நான் முகத்தை நம்பவில்லை. எலக்ட்ரீஷியன் புத்தி. லைட் எரிந்தால் சப்ளை இருக்கிறது என்று அர்த்தம்.

ஒருநாள் மட்டும் அது நேரம் கெட்ட நேரத்தில் எரிந்தது. மத்தியானம் சாப்பிட்டு, அணைத்துவிட்டு வந்தாயிற்று. நாலு மணி டீக்கு முன்னால் ஏ.சி. ஃபில்டரைக் கழற்றப் போனால், மறுபடி நீலம். கிழட்டு மிஷினுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று திட்டிக்கொண்டே ஒரு அமுக்கு அமுக்கினேன். அணைந்தது. நான் ஃபில்டரைக் கழுவப் போய்விட்டேன். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள், திரும்பி வருவேன்.

அதற்கு மறுநாள். மத்தியானம் விளக்கு எரிந்தது. சந்தோஷமாகப் போய் சாப்பிட்டேன். புளிச்சோறு. வந்து பட்டனை அமுக்கினேன். கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினால் கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஞானசேகர் நின்றுகொண்டிருந்தார். அவர் உள்ளே வரவில்லை. அந்த மனிதர் தொப்பியைக் கழற்றி நான் பார்த்ததில்லை. அன்றைக்குக் கழற்றியிருந்தார்.

நீ காலையிலேயே போய்விட்டிருந்தாய். கேட்டில் என் போன் அடித்து அடித்து ஓய்ந்திருந்தது. அப்படியென்றால் மத்தியானம் என்னைச் சாப்பிடச் சொன்னது யார்?

காரியமெல்லாம் முடிந்து மறுபடி வேலைக்குப் போனேன். போன அன்றே மத்தியானம் ரீடிங் எடுக்க உள்ளே நுழைந்தால், அடித்தட்டில் நீலம்.

பயந்தாயா என்று கேட்பாய். பயந்தேன். முதுகில் ஏ.சி. காற்று பட்டதுகூட யாரோ மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. வெளியே ஓடிவிடலாமா என்று நினைத்தேன். ஓடவில்லை. அதன் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தேன். இன்னும் சாப்புடல பாப்பா என்று வாய்விட்டுச் சொன்னேன். அப்புறம் எழுந்து போய் சாப்பிட்டேன். திரும்பி வந்து அமுக்கினேன். அணைந்தது.

அதற்குப் பிறகு தினமும். ஞாயிற்றுக்கிழமை ஆலை லீவு. அன்றைக்கு நீ கேட்டது திங்கட்கிழமை காலையில் எரிந்துகொண்டு எனக்காகக் காத்திருக்கும். தீபாவளிக்கு மூடியிருந்து திறந்தபோதும் அப்படித்தான், குளிரில் தனியாக எரிந்துகொண்டிருந்தது. ஊரே லீவில் இருக்கும்போதும் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாய்.

டைமர் போட்டிருப்பாய் என்று எனக்குத் தோன்றவில்லையா? தோன்றாமல் என்ன, தெருவிளக்குக்கெல்லாம் டைமர் மாட்டுகிற கை இது. ஆனால் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே. அம்மாவிடமும் சொல்லவில்லை. ஒன்று அவள் பயப்படுவாள், அல்லது அதைப் பார்க்கவேண்டும் என்று கேட் முன்னால் வந்து நிற்பாள். இரண்டையும் என்னால் தாங்கமுடியாது.

போன மாதம் எஸ்தர் வந்தாள். உன் பக்கத்து சீட்டுக்காரி, உன்னோடு சோற்றுப் பாத்திரத்தை மாற்றிச் சாப்பிடுகிறவள். உன் வேலையை இப்போது அவள்தான் பார்க்கிறாள். போனில் சொல்லியிருக்கலாம். பஸ் ஏறி ஒரகடம் வரை வந்தாள். கேன்டீனில் எதிரே உட்கார்ந்து டீயைத் தொடாமல் வைத்திருந்தாள். பேச்சை எங்கே தொடங்குவது என்று தெரியாமல், அங்கிள் உடம்பு எப்படி, ஆன்ட்டி எப்படி என்று சுற்றினாள். அப்புறம் குரலை இறக்கிச் சொன்னாள்.

"அங்கிள், தினமும் மத்தியானம் யமுனா லாகின் பண்றா."

எனக்குச் சிரிப்பு வந்தது பாப்பா. அழுகை வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது. "எனக்குத் தெரியும்மா" என்றேன். அந்தப் பெண் முகம் வெளிறிவிட்டது. பாவம், இத்தனை நாள் அவளும் தனியாகப் பயந்துகொண்டு இருந்திருக்கிறாள். திரையில் உன் பேர் வருவதும் போவதுமாக இருக்க, வெளியில் சொன்னால் பைத்தியம் என்பார்களோ என்று சும்மா இருந்திருக்கிறாள்.

அவள் தேடிக் கண்டுபிடித்ததைச் சொன்னாள். உங்கள் ஆபீஸில் யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு மூலைக் கம்ப்யூட்டரில் நீ ஒரு வேலையை ஏற்றிவைத்திருக்கிறாய். தினமும் சாப்பாட்டு நேரத்தில் அது தானாக எழுந்து, உன் பேரையும் பாஸ்வேர்டையும் சொல்லி அந்தப் பழைய சர்வரின் அட்டைக்குள் நுழைந்து, நீல விளக்கைப் போடும். அந்த வேலைக்கு நீ வைத்திருந்த பேர் 'சாப்ட்டியா'. ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முதல் நாள் அதை எழுதியிருக்கிறாய்.

முதல் நாளே. அப்படியென்றால் உனக்குத் தெரியும். தினமும் உட்கார்ந்து பொத்தான் தட்ட உன்னால் முடியாமல் போகும் என்று தெரியும். விளக்கு எரியாவிட்டால் நான் என்ன ஆவேன் என்றும் தெரியும். பாப்பா நல்லா கீது, நல்லா கீது என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது ஒரு டைமரைப் பார்த்து. இப்படி ஏமாற்றலாமா பாப்பா? ஆனால் ஏமாற்றியதற்குக் கோபப்படவும் எனக்கு வரவில்லை. அப்பனின் புத்தியை அளந்து, அதற்குத் தகுந்த மாதிரி ஒயரிங் செய்துவிட்டுப் போயிருக்கிறாய்.

எஸ்தர் அதைச் சொல்ல மட்டும் வரவில்லை. ஆபீஸில் ஆள் போனால் அவர்களுடைய கணக்கையெல்லாம் மூடிவிடுவார்களாம். உன்னுடையதையும் மூடினார்கள். ஆனால் அந்தச் சின்ன அட்டை தனக்கென்று தனியாக ஆள் பேர் வைத்துக்கொள்ளுமாம். அதில் உன் பேர் அப்படியே நிற்கிறது. முன்கதவைப் பூட்டிவிட்டோம் அங்கிள், இது பின்பக்க ஜன்னல் என்றாள். அட்டை பழசு, அதைச் சரிசெய்ய முடியாது. வெளியிலிருந்து யாராவது கண்டுபிடித்து அதற்குள் புகுந்தால், பக்கத்தில் இருக்கிற மிஷின்களிடமும் போய்விடலாம், ஃபேக்டரியையே நிறுத்தலாம். சீக்கிரத்தில் வெளி ஆள்கள் வந்து எல்லாவற்றையும் சோதிக்கப் போகிறார்கள்.

"ஏதாவது ஆச்சுன்னா அவ பேர்லதான் அங்கிள் நிக்கும். அவளால வந்து பதில் சொல்லமுடியாது."

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு முடிந்துவிட்டது. விளக்கா, உன் பேரா? ஒரு பக்கம் நீ தினமும் என்னிடம் கேட்கிற ஒரே கேள்வி. இன்னொரு பக்கம், செத்துப்போன பெண் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போனாள் என்று யாரோ ஒருத்தன் சொல்லப்போகிற பேச்சு. அந்த வேலையை நிறுத்திவிட்டு, அந்த மிஷினின் பிளக்கையும் பிடுங்கிவிடவேண்டும். பிடுங்குகிற கை, வழக்கம்போல, என் கை.

அவள் நல்ல பெண். உங்களுக்கு வேணும்னா வேற மிஷின்ல தினமும் நான் போடறேன் அங்கிள், என் பேர்ல, என்றாள். வேண்டாம் என்றேன். கேட்கவேண்டியவள் கேட்டால்தானே அது கேள்வி. கொஞ்சம் டைம் கேட்டேன். அந்த வாரக் கடைசிக்குள் என்றாள்.

சாயந்திரம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்ப்பதை நிறுத்தவில்லை. நான் முடித்த பிறகு, மாவைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப எனக்கு இன்னா வச்சிட்டுப் போச்சு?"

உன் பக்கத்தில் ராவும் பகலும் இருந்தவள் அவள். உனக்கு வாய் துடைத்தவள், தலை வாரி, உதிர்ந்த முடியை உனக்குத் தெரியாமல் மடியில் மறைத்தவள். தினமும் நலம் விசாரிக்கப்பட்டவன் நான். பேச்சை மாற்றுவதற்காக, அந்த நாலு மணிக் கதையைச் சொன்னேன். டைமர் மத்தியானத்துக்கு மட்டும்தானாம், அன்றைக்கு மட்டும் எப்படி நாலு மணிக்கு எரிந்தது என்று எஸ்தருக்கே புரியவில்லை என்றேன்.

அம்மா தேய்ப்பதை நிறுத்தினாள்.

"அது நான்" என்றாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளே சொன்னாள். அவள் சொன்னதை அவள் வாயாலேயே எழுதுகிறேன்.

"அன்னிக்கு பாப்பா, லேப்டாப்ப மடியில வைன்னுச்சு. வச்சேன். கை நடுங்குச்சு அதுக்கு, தட்ட வரல. ம்மா, இந்த எடத்துல அமுக்குன்னுச்சு. அமுக்கனேன். நீலமா ஒரு புள்ளி வந்துச்சு. இன்னாடி இதுன்னேன். அப்பாகிட்ட ஒண்ணு சொன்னேன்னுச்சு. இன்னா சொன்னன்னேன். அது அப்பாவுக்குத் தெரியும்னுச்சு. அந்தப் புள்ளியவே பார்த்துகினு இருந்துச்சுய்யா. புள்ளி அணைஞ்சுது பாரு, சிரிச்சிச்சு. அப்புறந்தான் மூடச் சொல்லிச்சு."

சப்பாத்தி கல்லில் கருகியது. இரண்டு பேரும் எடுக்கவில்லை.

பாப்பா, கேள். கிழட்டு மிஷின் என்று திட்டிக்கொண்டு நான் அமுக்கிய அமுக்கு அது. நீ அதற்குத்தான் காத்திருந்தாய். நான் சரி என்று சொன்னதாக நினைத்துச் சிரித்தாய். நான் எதற்குச் சரி சொன்னேன்? போயிட்டு வரட்டா என்று கேட்டாயா? அதற்கா நான் யோசிக்காமல் தலையாட்டினேன்? இல்லை, அழாதே என்றாயா? அம்மாவைப் பார்த்துக்கோ என்றாயா? அப்பாவுக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கிறாயே. எனக்குத் தெரியவில்லையே. டியூப்லைட் என்று நீ என்னைக் கேலி செய்வாய். சாதாரண டியூப்லைட் இல்லை, சோக் போன டியூப்லைட் நான். ஒரு வருஷமாகியும் எரியவில்லை.

பிடுங்குகிற அன்றைக்கு கேன்டீன் வேண்டாம் என்று அம்மாவே கட்டிக் கொடுத்தாள். கத்திரிக்காய்க் காரக்குழம்பு. எதற்கு என்று நான் கேட்கவில்லை. மத்தியானம் விளக்கு எரிந்தது. நான் அவசரப்படவில்லை. ஒவ்வொரு வாயாக மென்று சாப்பிட்டேன். டப்பாவைக் கழுவினேன். ஞானசேகர் அந்தப் பக்கம் யாரும் வராமல் பார்த்துக்கொண்டு கதவுக்கு வெளியே முதுகைக் காட்டி நின்றார். நான் உள்ளே போய் லேண்ட்லைனை எடுத்தேன். எதிர்முனையில் எஸ்தர் இருந்தாள்.

அந்த வேலையை நிறுத்திவிட்டேன் என்றாள். உன் பேரையும் எடுத்துவிட்டாளாம். அதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. "இப்ப எரியறதுதான் கடைசி அங்கிள். பட்டனை அமுக்கிட்டு, அப்புறம் பிளக்கை எடுங்க."

விரலைப் பட்டன் வரைக்கும் கொண்டுபோனேன். அமுக்கவில்லை. போன தடவை எதற்கென்று தெரியாமல் அமுக்கினவன் நான். இந்தத் தடவை அது எரியட்டும். நீ கேட்டது கேட்டபடி நிற்கட்டும். நான் அலமாரிக்குப் பின்னால் போனேன். அங்கேயும் நீலம். சரியான மிஷின்தான். இடது வலது குழப்பம் இல்லை. பிளக்கைப் பிடுங்கினேன்.

உடனே அணையவில்லை பாப்பா. அட்டைக்குள் மிச்சம் இருந்த கரண்டில் ஒரு மூச்சு நேரம் எரிந்தது. அப்புறம் போய்விட்டது.

எடுத்தாச்சும்மா என்று போனில் சொன்னேன். எஸ்தர் லைனில்தான் இருந்தாள். திரையைப் பார்த்துச் சொன்னாள்.

"அங்கிள், என் ஸ்கிரீன்ல இன்னும் நீலமாதான் இருக்கு. அது கடைசியா பார்த்ததையே காட்டிக்கிட்டு இருக்கு. புதுசா கேட்டாதான் மாறும். கேக்கட்டுமா?"

"கேக்காதம்மா. கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

அவள் கேட்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தோம். அவள் கிண்டியில், நான் ஒரகடத்தில், நடுவில் நீ. ஏ.சி. ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அந்த மிஷின் ஸ்கிராப் வண்டியில் போய்விட்டது. அடித்தட்டு காலி. மத்தியானம் ரீடிங் எடுக்கும்போது என் கண் இன்னும் அங்கேதான் போகிறது. ஒன்றும் இல்லாத இடத்தில் ஒரு நீலம் தெரிகிற மாதிரி இருக்கிறது. கண்ணைக் கசக்கிக்கொள்கிறேன். போய்ச் சாப்பிடுகிறேன்.

இன்னொன்றும் செய்கிறேன். சாப்பிட்டு முடித்ததும் கேட் வரைக்கும் நடக்கிறேன். உன் தூங்குமூஞ்சி வாட்ச்மேனை எழுப்பி போனை வாங்கி, அம்மாவைக் கூப்பிடுகிறேன். முதல் நாள் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. இன்னா, இன்னா ஆச்சு என்று பதறினாள். ஒண்ணும் இல்ல, சாப்ட்டியா என்றேன். அந்தப் பக்கம் பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம், "இனிமேதான். நீ?" என்றாள்.

நாலு மணிக்கு நீ கேட்டது இதுதானா என்று எனக்குத் தெரியாது. இதுவாகவும் இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். வேறு ஏதாவது என்றால், புரிகிற மாதிரி இன்னொரு தடவை கேள். எங்கே எரிந்தாலும் பார்ப்பேன். அதுவரைக்கும் வேளாவேளைக்குச் சாப்பிடுவேன், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. அம்மாவைத் தினமும் கேட்பேன், ஒருநாளும் விடமாட்டேன். நீ வேலைக்கு வைத்துவிட்டுப் போன சர்வர் இனிமேல் நான்தான். தோளில் துண்டு ஒன்றுதான் குறை.

இப்படிக்கு,
சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து எழுதும்
உன் அப்பா